ஜன்னலோரத்தில் ஓர் இறகு

பஸ் ஸ்டாண்டு வேப்பமரத்து அணிலுக்கு ஒரே பைத்தியம்: விடிந்ததும் ஏதாவதொரு டவுன் பஸ்ஸில் ஏறி, பொழுது சாயும்வரை ஊரைச் சுற்றும்.

“எங்கேதான் போறே?” என்றது காக்கை.

“எங்கேயும் இல்லண்ணே. சும்மா போறேன், வர்றேன்.”

“வேலையத்த வேலை! நான் பறந்தே ஊரைப் பார்த்தவன்.”

“மொட்டை மாடியைத்தானே பார்த்தீங்க? ஜன்னலோரம் உட்கார்ந்தா ஊரோட முகம் தெரியும்.”

காக்கை சிரித்துவிட்டுப் பறந்தது. கூட வர ஓர் ஆள் கிடைக்காதா என்று ஏங்கியிருந்த அணிலுக்கு முகம் வாடிவிட்டது.

மறுநாள் பஸ் வந்ததும் சனங்கள் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடித்தார்கள். அணில் முண்டியடித்து ஏறியது. அதன் வழக்கமான சீட்டில் ஒரு கறுப்பு இறகு கிடந்தது.

ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கை சொன்னது: “உட்காரு. ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் போட்டேன்.”