கடைசி வீட்டுக்காரி மேல் ஐந்து குற்றங்கள்

“முதலாவது, குடிவந்த அன்று யாருக்கும் ஒரு வணக்கம் சொல்லவில்லை.

இரண்டாவது, குழாய்த் தண்ணீருக்காக வீட்டுக்காரர் வாசலில் நாம் மறியல் செய்தபோது வரவில்லை.

மூன்றாவது, சேஷகிரி தங்கை கல்யாணப் பத்திரிகையோடு போய்த் தட்டினால் கதவைத் திறக்கவில்லை.

நான்காவது, மதலைமுத்துவின் அப்பா பிணமாகக் கிடக்கையில், அதைத் தாண்டி ஆபீஸ் வேனில் ஏறிப் போனாள்.

ஐந்தாவது, என் சம்சாரம் இந்த வாரம் முழுக்கக் காய்ச்சலில் கிடந்தும் எட்டிப் பார்க்கவில்லை.”

மனுவை வாசித்து முடித்து அப்பாதுரை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மில் சங்கத்துக்கு நோட்டீஸ் எழுதிப் பழகிய கை. பிரேசர் டவுன் காம்பவுண்டின் குழாயடியில் ஞாயிறு மத்தியானம் எல்லா வீட்டு ஆண்களும் கூடியிருந்தார்கள். கடைசி வீடு மட்டும் வழக்கம்போலச் சாத்தியிருந்தது.

“நீங்கள்லாம் சாட்சிக் கையெழுத்துப் போட்டா, வீட்டுக்காரர் அவளை இந்த மாசமே காலி பண்ண வச்சிடுவார்.”

“ராத்திரி பூரா ஊருக்கெல்லாம் டெலிபோன் லைன் போட்டுக் குடுக்கறா. பக்கத்தாத்துக்கு மட்டும் லைன் கிடைக்காது!” என்றார் சேஷகிரி.

சிரித்தார்கள்.

“அண்ணே, அவங்க பேர் இருக்க வேண்டிய இடம் காலியா இருக்கே?” என்றான் மதலைமுத்து.

“அவ பேரு என்ன?”

யாருக்கும் தெரியவில்லை.

“கேட்டு எழுதிக்கலாம். கடைசியில நல்லவங்களுக்கு நன்றின்னு ஒரு வரியும் போட்டிருக்கேன். தினம் விடியறதுக்குள்ள எங்க வாசல்ல கஞ்சி வச்சிட்டுப் போறது உங்க வீடுதானே, சாமி?”

“எங்காத்துலேர்ந்தா? இல்லையே!” சேஷகிரி விழித்தார். “போன வருஷம் ஃப்ளூவில எல்லாரும் விழுந்தப்போ எங்காத்து வாசல்லயும் இருந்தது. வைத்தீஸ்வரன் ஆத்துதுன்னுதான் சாப்பிட்டோம்.”

“நாங்களும் படுத்த படுக்கைதான் ஓய். உங்காத்துதுன்னு நாங்க சாப்பிட்டோம்” என்றார் வைத்தீஸ்வரன்.

மதலைமுத்து மெதுவாகச் சொன்னான்: “அப்பாவை அடக்கம் பண்ணின மறுநாள் எங்களுக்கும் வந்தது. உங்க வீடுன்னு இருந்தேண்ணே.”

“பாத்திரத்துல பேர் வெட்டியிருக்குமே, பார்க்கலையா?” என்றார் அப்பாதுரை.

“சாவு வீட்டுல யாருண்ணே பேர் பார்ப்பா? ஊத்திக்கிட்டு இதே குழாயடியில வச்சேன். யாரோ எடுத்துக்கிட்டாங்க.”

மற்றவர்களும் அப்படியேதான் செய்திருந்தார்கள்.

அப்பாதுரையின் மனைவி ஜகதாம்பாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கையில் காலித் தூக்கு. கரி பிடித்த அடியைப் புளி போட்டுத் தேய்த்திருந்தாள்.

“விடியறதுக்கு முன்னாடி இங்க முழிச்சிருக்கிற ஆள் யாரு? டூட்டி முடிஞ்சு வேன் வர்ற சத்தம் கேக்கும். கொஞ்ச நேரத்துல நம்ம வாசல்ல தூக்கு வைக்கிற சத்தம் கேக்கும். உங்க குறட்டையில உங்களுக்கு எங்க கேக்கப்போவுது?”



தூக்கைக் கவிழ்த்துப் புருஷன் கையில் கொடுத்தாள்.

“படிங்க. அந்த அஞ்சையும் படிச்ச மாதிரி சத்தமாப் படிங்க. சாட்சிக்காரங்க எல்லாம் நிக்கிறாங்கல்ல.”

அப்பாதுரை கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மனுவில் காலியாக விட்டிருந்த இடத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு படித்தார்.

“ச. பவுலின்.”