ஆபத்து மிகமிகக் குறைவு

செவ்வந்தி என்ற பூனை கல்யாண மண்டபத்து மொட்டைமாடியில் குட்டி போட்டிருந்தாள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. இடி ஆபத்தைக் கணக்குப் பார்க்கும் மென்பொருள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்தது. நேரே அதனிடம் ஓடினாள்.

"அண்ணே, என் பிள்ளைகள் மேலே இருக்கலாமா?"

"உயரம், மழை, இடிதாங்கி எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன் தாயி. ஆபத்து மிகமிகக் குறைவு" என்றது கம்ப்யூட்டர்.

"இடிதாங்கிக் கம்பிதான் அறுந்து தொங்குகிறதே!"

"எனக்குக் கொடுத்த விவரத்தில் அப்படி இல்லையே. நிம்மதியாகப் போ."

தூரத்தில் வானம் உறுமியது. கம்ப்யூட்டர் குரலைத் தாழ்த்தியது.

"செவ்வந்தி, போகிற போக்கில் என் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டுப் போயேன்."

வயரைக் கவ்வி இழுத்துவிட்டு, செவ்வந்தி மாடிக்குப் பறந்தாள். முதல் இடி இறங்குவதற்குள் குட்டிகள் எல்லாம் கீழே வந்து பால் குடித்துக்கொண்டிருந்தன.