காதோரத் துளை

அவள் குளிக்கப் போனதும் அவன் தொட்டில் சேலையை விலக்கினான்.

பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

இடது காது முகத்தோடு வந்து சேரும் இடத்தில் அது இருந்தது. ஊசியால் குத்தி எடுத்ததுபோல ஒரு துளை.

தன் காதோரத்தை விரலால் தடவினான். ஒன்றுமில்லை. நேற்றும் தடவிப் பார்த்திருந்தான்.

மூக்கு அவளுடையது. உதடும் அவளுடையது. நெற்றி?

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. சேலையை இழுத்துவிட்டு நகர்ந்தான்.

துளையை முதலில் கண்டது டாக்டரம்மா. தடுப்பூசி போடப் போன இடத்தில். பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

“வயித்துக்குள்ள காது ஒரே துண்டா வராதும்மா. கழுத்தோரமா ஆறு சின்ன மொட்டாத்தான் வரும். ஆறும் ஒட்டி ஒரு காதாகி, முகம் வளர வளர மேல ஏறும். ஒட்டுற எடத்துல சில பேருக்கு இப்பிடி ஒரு குழி நின்னுரும். பரம்பரையா வரும். சும்மாவும் வரும். சீழ் வச்சா மட்டும் கூட்டிட்டு வாங்க.”

பிறகு கேட்டார். “உங்க ரெண்டு பேர் வீட்லயும் யாருக்காவது இருக்கா?”

“எங்க வீட்ல இல்ல,” என்றாள் அவன் மனைவி பிரம்மசக்தி.

“எங்க வீட்லயும் இல்ல,” என்றான்.

சும்மாவும் வரும் என்பதை அவன் வீட்டுக்கு எடுத்து வரவில்லை. பரம்பரை என்பதை மட்டும் எடுத்து வந்தான்.

அடுத்த வாரம் பிள்ளைக்குச் சொட்டு மருந்து வாங்கப் போனான். பாளையங்கோட்டை பஸ் நிலையத்துக்கு எதிரே, பிரசவத்துக்கு முன்பு அவள் வேலை பார்த்த மருந்துக் கடை. அவளோடு வேலை பார்த்த சொரிமுத்துதான் நின்றான். மேல்தட்டில் இருந்த பெட்டியை எடுக்கத் திரும்பினான்.

இடது காதோரம். அதே இடத்தில் அதே துளை.

“சக்தி எப்பிடி இருக்காவ? பையன் யாரு சாடை?”

வீட்டில் அவள் பிரம்மு. சக்தி என்று யாரும் கூப்பிட்டதில்லை.

மருந்தை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தான். கடையில் இருப்பு இல்லை என்று அவளிடம் சொன்னான்.

அதன்பிறகு ஒருநாள் எதிர்ப்புறத்து டீக்கடையில் போய் நின்றான். மத்தியானம் சொரிமுத்துவின் மகள் சாப்பாட்டுக் கூடையோடு வந்தாள். அந்தச் சிறுமியின் காதைப் பார்க்கவே நின்றான். முடி மறைத்திருந்தது. கையில் இருந்த டீ ஆறிப்போனது. பார்க்க முடியவில்லை.

மழை கொட்டிய ஒரு சாயங்காலம் ஞாபகம் வந்தது. அவள் நனையாமல் வந்திருந்தாள். கடையில் யாரோ குடை கொடுத்தார்கள் என்றாள். யார் என்று அன்று கேட்கவில்லை.

இன்று கேட்டான்.

“போன வருசத்துக் குடை. எனக்கு எப்பிடி ஞாவம் இருக்கும்?” அவள் சிரித்தாள்.

அவள் எவ்வளவு நேரம் சிரிக்கிறாள் என்று பார்த்தான்.

போன் அடித்தால் யார் என்றான். பிள்ளையைத் தூக்கச் சொன்னால் கை அழுக்கு என்றான். முதல் பிள்ளை வந்த புதிதில் ஆம்பிளைகள் கொஞ்சம் ஒதுங்கித்தான் இருப்பார்கள் என்று அவள் அம்மா சொல்லியிருந்தாள். அவள் அதை நம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்பாசமுத்திரத்திலிருந்து அவன் அக்கா உலகம்மாள் காரில் வந்தாள். முழங்கால் ஆபரேஷன் முடிந்து அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தாள். பிள்ளையை இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள். மடியில் கிடத்தி எண்ணெய் தேய்த்தாள்.

தேய்த்த கை நின்றது.

“ஏல, இங்க வாயேன். அப்பால்லா வந்துருக்காரு!”

அவன் வாசலிலேயே நின்றான்.

“அவருக்கும் இதே எடத்துலதான் குழி. ஒனக்கு எங்க தெரியும்? நீ நடக்கதுக்கு முன்னயே போய்ச் சேந்துட்டாரு. எனக்குச் சோறு ஊட்டும்போது அதுல வெரல வச்சு நோண்டுவேன். கூசுதுட்டீன்னு சிரிப்பாரு.”

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். பிறகு சிரித்தான். செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய் அல்வா வாங்கி வந்தான். பிள்ளையை வாரி எடுத்தான். அந்தத் துளையின் மேல் முத்தம் கொடுத்தான். திரும்பத் திரும்பக் கொடுத்தான்.

“எங்க அப்பா. எங்க அப்பாதான்.”

அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகம் தெரியாத தகப்பனை நினைத்து அழுகிறான் என்று நினைத்தாள்.

பிரம்மசக்தி அடுப்படி நிலையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் அவளும் சிரித்தாள்.

இவ்வளவு பெரிய சந்தோஷம் எதற்கு என்று பிறகுதான் தோன்றியது.

குடை. போன். கடையில் இல்லாமல்போன மருந்து. அழுக்காகவே இருந்த கை.

அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

அவன் வாழையிலைத் துண்டில் அல்வாவை நீட்டினான். “எடுத்துக்கோ பிரம்மு.”

“இத்தன நாளா என்ன நெனச்சீய?”

“ஒண்ணுமில்லியே.”

சொன்னவன் அவளைப் பார்க்கவில்லை. அல்வாவைப் பார்த்தான்.

அவள் அவன் தோளிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

“மதினி, சாயங்காலம் கார்ல எங்களையும் கூட்டிட்டுப் போங்க. போற வழியில சேரன்மாதேவில, எங்க அம்ம வீட்ல எறக்கி விட்ருங்க.”

“அதுக்கென்ன, தாராளமா வா. எத்தன நாளைக்குட்டீ?”

அவள் பிள்ளையோடு கொல்லைக்குப் போனாள். கொடியில் கிடந்த சின்னச் சட்டைகளை ஒவ்வொன்றாக உருவித் தோளில் போட்டுக்கொண்டாள்.

காயாதவற்றையும்.