ஆய்வுக்குழு வந்த நாள்

இரவல் டையைக் கட்டிக்கொண்டு கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் கல்லூரி வாசலில் வந்திறங்கினான் மணிகண்டபிரபு. அந்த இன்ஜினீயரிங் கல்லூரிக்கு அன்று அரசுக் குழு வருகிறது. போதுமான விரிவுரையாளர்கள் இருந்தால்தான் நிதியும் கிடைக்கும், அறுபது சீட்டும் கூடும்.

"ஏலே, மொகத்த இப்படி வச்சிக்கிட்டா எவன் உன்னைய வாத்தியார்னு நம்புவான்?" என்றார் முதல்வர் எபநேசர். "சீட்டு கூடட்டும், உன்னைய நிரந்தரமாக்கிருதேன்."

"போன தடவையும் இதத்தான் சொன்னீங்க சார்."

அவர் அவனுடைய டையை இழுத்துச் சரிசெய்தார்.

ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலியில் விஜி இருந்தாள். தீப்பெட்டி ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"இன்னைக்கு ஒருநாளாச்சும் கையில தீக்குச்சி மருந்து ஒட்டாது," என்றாள். அவன் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

குழுத் தலைவர் உள்ளே வந்தார். நிறைந்திருந்த நாற்காலிகளைத் திருப்தியோடு பார்த்தார்.

"இங்க படிச்சு முடிச்ச முதல் பேட்ச் பிள்ளைங்க இப்ப என்ன செய்யுறாங்க?"

மணிகண்டபிரபு தரையைப் பார்த்தான்.

"எல்லாரும் வேலையில இருக்காங்க சார்," என்றார் முதல்வர்.

தலைவர் தலையசைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார். முதல்வரும் பின்னாலேயே போனார்.

"சார் பொய் சொல்லல பிரபு," என்றாள் விஜி மெதுவாக. "நம்ம பேட்ச் மொத்தமும் இங்கனதான உக்காந்திருக்கோம். சாயங்காலம் வரைக்கும் எல்லாருக்கும் வேலை இருக்கு."