அவன் மிதித்த இடம்

உச்சி வெயிலில் பழைய போர்க்களம் காய்ந்து கிடக்கிறது. ஒற்றையடிப் பாதையின் இருபுறமும் இன்னும் அகற்றாத கண்ணிவெடிகள். முன்னே நடக்கும் வழிகாட்டிதான் அன்று எதிரிப் படையில் இருந்து அவற்றைப் புதைத்தவன். அவனுக்குப் பின்னால் வருகிற பெண்ணின் தம்பி அவற்றில் ஒன்றில்தான் கால் வைத்தான். "நான் மிதிச்ச இடத்துலயே மிதிங்கக்கா" என்கிறான் வழிகாட்டி. மிதிக்கிறாள். 'கடவுளே, இவன் கால் ஒரே ஒரு தடவை தவறட்டும்' என்று அடிக்கு அடி வேண்டுகிறாள். அவள் உதடு காய்ந்திருப்பதைக் கண்டு அவன் திரும்பித் தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறான். நீட்டியபடியே, பாதைக்கு வெளியே பின்னால் வைக்க ஒரு காலைத் தூக்குகிறான். அங்கே மண்ணில் துருப்பிடித்த கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. கேட்டதைக் கடவுள் கொடுக்கத்தான் போகிறார். "காலை வைக்காதடா, பாவி!" அவள் கை அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுக்கிறது. தூக்கிய காலை அவன் பாதையிலேயே ஊன்றுகிறான். "இரக்கம்னு நினைச்சுக்காத. என் தம்பி விழுந்த இடத்தைக் காட்டு. அப்புறம் எக்கேடாவது கெட்டுப் போ!" என்கிறாள். சட்டையை மட்டும் விடவில்லை.