சந்தேகத்தின் பேரில் ஒரு பூனை

"இந்தப் பூனை இன்னைக்கே போயாகணும் மாப்பிள்ளை. இல்லாட்டி எம் பொண்ணைக் கூட்டிக்கிட்டு நான் காரைக்குடிக்குக் கிளம்புறேன்."

கற்பகம் இடுப்பில் கை வைத்து நின்றாள். கொண்டாப்பூர் ஃபிளாட்டின் சோபாவில் பிஸ்கட் என்கிற அந்தப் பூனை, காலை நீட்டிப் படுத்து வாலை நக்கிக்கொண்டிருந்தது. கவலை என்பது அதன் ஜாதகத்திலேயே கிடையாது.

கவலையெல்லாம் கணேஷ்குமாருக்குத்தான். மனைவி ரோகிணிக்கு இது ஐந்தாம் மாதம். டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி அவள் உடம்பில் புதிதாகத் தொற்றியிருப்பதாக முந்தாநாள் ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. தாய்க்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. வயிற்றிலிருக்கும் குழந்தையின் கண்ணையோ மூளையையோ பதம் பார்த்துவிடலாம். மாத்திரை ஆரம்பித்தாகிவிட்டது. ஸ்கேனில் இதுவரை கோளாறு இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

"பூனைக் கழிவுலேர்ந்து வரும்னு டாக்டரம்மா சொன்னாங்களா இல்லையா?"

"அதுலேர்ந்தும் வரும்னு சொன்னாங்க அத்தை. கழுவாத கீரை, வேகாத கறி, மண்ணுன்னு இன்னும் என்னென்னவோ சொன்னாங்க."

"நல்லா இருக்கே! வேகாத கறியை நம்ம வீட்ல யாரு தின்னா? பஞ்சா வெந்தாத்தான் நான் அடுப்பை விட்டு இறக்குவேன். கீரையை மாத்தி மாத்தித் தண்ணி விட்டு அலசுறேன்."

அதுவும் உண்மைதான். மூன்றாம் மாதம் ரயிலேறி வந்தவள், வந்த அன்றே வெளிச்சாப்பாட்டுக்குத் தடை போட்டுவிட்டாள். மகளைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறாள்.

கணேஷ்குமாருக்குத்தான் மண்டை குடைந்தது. பிஸ்கட் வந்து நாலு வருஷமாகிறது. வாசல்படி தாண்டியதில்லை, பாக்கெட் தீனி தவிர எதையும் தொட்டதில்லை. அதன் கழிவை அள்ளுவதும் அவன்தான். மூன்றாம் மாதப் பரிசோதனையில் ரோகிணிக்கு இந்தத் தொற்றே கிடையாது.

"நாலு வருஷமா வராதது இந்த ரெண்டு மாசத்துல எப்படி அத்தை வரும்?"

"அதை அந்தச் சனியன்கிட்டயே கேளுங்க."

"பிஸ்கட்டைத் திட்டாதம்மா" என்றாள் ரோகிணி. குரல் உடைந்திருந்தது.

லோத்குண்டாவில் இருக்கும் நண்பன் ஜெயந்த் பூனையை வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். கூடையும் தயார். கணேஷ்குமார் மனசில்லாமல் பூனையைத் தூக்கியபோது செல்போன் அடித்தது. நேற்று பிஸ்கட்டின் ரத்தத்தைப் பரிசோதனைக்கு எடுத்திருந்த கால்நடை மருத்துவர் சாய்கிருஷ்ணா, தெலுங்கில் உற்சாகமாகக் கத்தினார்.

"சார், மீ பிஸ்கட்கி ஏமி லேது! பிளட் டெஸ்ட் நெகட்டிவ்!"

பிஸ்கட்டுக்கு ஒன்றும் இல்லையாம்; அந்த ஒட்டுண்ணி அதற்கு எப்போதுமே வந்ததில்லையாம். ரோகிணி பிஸ்கட்டைப் பிடுங்கி மார்போடு அணைத்து அழுதாள். கணேஷ்குமாருக்கும் சந்தோஷம்தான். ஆனால் அடுத்த நிமிஷமே பயம் பிடித்துக்கொண்டது.

"அப்ப எங்கேர்ந்துதான் வந்துச்சு?"

தண்ணீர் ஃபில்டரைத் திறந்து பார்த்தான். காய் நறுக்கும் பலகையை முகர்ந்து பார்த்தான். பால்கனிக் கறிவேப்பிலைத் தொட்டியைக் கூட விடவில்லை. ஒன்றும் பிடிபடவில்லை.

"சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்று கற்பகம் இறங்கி வந்தாள். "பொழுது போகுது. எம் பொண்ணுக்கு கோலா உருண்டை பண்ணணும்."

சமையலறையில் மிக்ஸி ஓடி நின்றது.

"ரோகிணி, இங்க வாடி."

ரோகிணி போனாள். தலையைச் சொறிந்தபடி பின்னாலேயே போனான் கணேஷ்குமார்.

எண்ணெய் இன்னும் காயவில்லை. அரைத்த பச்சைக் கொத்துக்கறியில் ஒரு விரல் வழித்து, மகளின் வாயருகே நீட்டினாள் கற்பகம்.

"உப்பு சரியான்னு பாரு. உனக்கு நல்லபடியாப் பிரசவம் ஆகுற வரைக்கும் கறியை வாயிலயே வைக்க மாட்டேன்னு நான்தான் பிள்ளையாருக்கு வேண்டிக்கிட்டிருக்கேனே."

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போலவே, ரோகிணி நாக்கை நீட்டினாள்.