பொந்தில் வைத்த சொல்

மைனாக்கள் நிறைந்த மரத்துக்கு அணில் ஒன்று குடிவந்தது. பருந்து வந்தால் மைனாக்கள் தங்கள் மொழியில்தான் கத்தும். அது புரியாவிட்டால் அணிலின் உயிர் போய்விடும்.

பக்கத்துக் கிளை மைனா பத்துச் சொற்கள் சொல்லித் தந்தது. அணில் நூறு முறை சொல்லிப் பார்த்தது. மறுநாள் ஒன்றுகூட நினைவில்லை.

"கொட்டையை ஒளித்த இடம் மட்டும் மறக்காதாக்கும்" என்று மைனா கேலி செய்தது.

அணில் யோசித்தது. அன்று மைனாவிடம் சொற்களை மறுபடி கேட்டு, ஒவ்வொரு கொட்டையோடும் ஒரு சொல்லைச் சொல்லி ஒளித்து வைத்தது. பருந்துக்கான 'கிர்ரா' பொந்துக்குள் போனது.

மறுநாள் அணில் தரையில் இருந்தபோது "கிர்ரா" என்று மைனாக்கள் அலறின. அணில் பொந்துக்குப் பாய்ந்தது. பருந்தின் நிழல் வாசலைக் கடந்து போனது.

மைனா எட்டிப் பார்த்தது. "அப்பாடா, அர்த்தம் நினைவு வந்துவிட்டதே."

"அதைத் தேடித்தானே இங்கே ஓடி வந்தேன்" என்றது அணில், கொட்டையைக் கையில் பிடித்தபடி.